அக்கரைக் கடையில் ஒரு மீன் தலை

என்னை முதன்முதலில் அடித்தவனும், என்னை அடித்தவர்களையெல்லாம் தேடிப்போய் அடித்தவனுமான என் அண்ணனுக்கு,

நீ போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. கருமாதியும் முடிந்துவிட்டது. ஊர் உன்னைப் பற்றி நல்லவிதமாகத்தான் பேசுகிறது. செத்தவனைப் பற்றி வேறு எப்படிப் பேசுவார்கள்? எனக்கு மட்டும் உன்மேல் இன்னும் கோபம் தீரவில்லை. நீ உயிரோடு இருந்தால் இந்தக் காகிதத்தைச் சுருட்டி உன் மூஞ்சியில் எறிந்திருப்பேன்.

நான் ஒரு காரியம் செய்துவிட்டேன் அண்ணா. அதைச் சொன்னால் நீ அடிக்க வரமுடியாது என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். அதற்கு முன்னால் நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லப்போகிறேன். உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் என் பக்கத்துக் கதையை நீ ஒருநாளும் காதுகொடுத்துக் கேட்டதில்லையே? இப்போது கேள்.

மழை பொய்த்த அந்த வருஷத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. உன் மாப்பிள்ளை, அதான் என் வீட்டுக்காரர், ரிக் வண்டியில் வடக்கே ஊர் ஊராகப் போய் போர் போட்டுவிட்டு வந்தவர். கண்டவன் காட்டிலெல்லாம் தண்ணீர் எடுத்துக்கொடுத்த மனுஷனுக்குச் சொந்தத் தோட்டம் காய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. திருச்செங்கோட்டிலிருந்து வண்டியைக் கொண்டுவந்து, நம் இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் இருக்கிற வரப்பை ஒட்டி நிறுத்திப் போர் போட்டார். தண்ணீர் பீச்சி அடித்தது. நான் அதில் நனைந்துகொண்டு சிரித்தேன். இரண்டே மாதத்தில், வரப்புக்கு அந்தப் பக்கம், நம் அப்பா வெட்டிய உன் கிணறு வற்றிப்போனது.

நீ வாய்ப்பேச்சு பேசவில்லை. கடப்பாரையோடு வந்தாய். மோட்டாரை நொறுக்கினாய், ஸ்டார்ட்டர் பெட்டியைப் பிய்த்து எறிந்தாய். அவர் உன்னை வரப்பிலேயே போட்டு மிதித்தார். உனக்கு விலா எலும்பு இரண்டு போனது, அவருக்கு முன்பல் இரண்டு போனது. இரண்டு பேருக்கும் மஞ்சள் பற்றுப் போட்டது நான். காலையில் அங்கே, சாயங்காலம் இங்கே.

பஞ்சாயத்துப் பேச மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நீ அங்கே என்ன செய்தாய்? கற்பூரத்தை ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்தாய்.

"இவன் ஊட்டுல நான் கை நனைக்க மாட்டேன். இவன் கையால ஒரு பருக்கை வாங்கித் தின்னா நான் எங்கப்பனுக்குப் பொறக்கல."

உடைந்த எலும்பு கூடிவிடும், மோட்டார் வேறு வாங்கிக்கொள்ளலாம். ஒரு வீட்டில் சோறு தண்ணீர் எடுப்பதில்லை என்று கற்பூரம் அணைத்துவிட்டால் நம் பக்கம் அதற்கு மருந்து கிடையாது. அந்தச் சத்தியத்தைப் பண்ணும்போது அந்த வீட்டில் உன் தங்கச்சியும் இருக்கிறாள் என்று ஒரு நொடி நினைத்தாயா?

இரண்டு வருஷம் ஓடியது. நல்ல மழை பெய்து ஆற்றில் தண்ணீர் வந்த வருஷம் என் மகள் மல்லிகா பெரியவளானாள். சீருக்கு ஆவணியில் நாள் குறித்தோம். தாய்மாமன் வந்து நிற்காத சீர் ஒரு சீரா? பிறந்த வீடு செத்துப்போனவளுக்குத்தான் அப்படி நடக்கும். உன் மாப்பிள்ளையோ, "உங்கண்ணன் இந்த வாசப்படி மிதிச்சான்னா காலை எடுத்துப்போடுவேன்" என்று அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். நான் அழவில்லை. அழுதால் உங்கள் இரண்டு பேருக்கும் கொண்டாட்டமாகிவிடும். உட்கார்ந்து யோசித்தேன்.

உங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்றுதான், மீன். என் கல்யாணத்துக்கு மறுவாரமே அந்த வழக்கு ஆரம்பித்துவிட்டது. பூலாம்பட்டியில் ஆற்றுக்கு இக்கரையில் பொன்னாயக்கா கடை உன் கடை. மண்சட்டியில் புளி தூக்கலாக வைத்த கெண்டைக் குழம்பு, தோசைக்கல்லில் மொறுமொறுவென்று வாட்டின வறுவல். அக்கரையில் தகரக்கொட்டாய்க் கடை அவருடைய கடை. லாரிக்காரர்கள் சாப்பிடுகிற இடம். கட்லாவைக் கனமாகத் துண்டு போட்டு, தேங்காய் அரைத்து ஊற்றி, தலையைத் தனியாக வைப்பார்கள். "அது கொழம்பா, பாயாசமா?" என்பாய் நீ. "முள்ளு பொறுக்கறதுக்குக் காசு குடுக்கற ஆளு நீங்க" என்பார் அவர். அப்போதெல்லாம் சண்டை அவ்வளவுதான்.

ஆடி பதினெட்டுக் கூட்டம் ஓய்ந்ததும் நான் உன் தோட்டத்துக்கு வந்தேன். ஞாபகம் இருக்கிறதா? நீ வற்றின கிணற்றின் மேட்டில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தாய்.

"அண்ணா, ஞாயித்துக்கெழமை பூலாம்பட்டி போலாமா? பரிசல்ல அக்கரைக்குப் போய்ட்டு வரலாம்."

"யாரெல்லாம் அம்மிணி?"

"நீ, நானு, அவரு."

"அவனும் நானும் ஒரே பரிசல்லயா? நடு ஆத்துல தள்ளிப்போடுவேன்."

"தள்ளு. தின்னுட்டுத் தள்ளு. அவரு ஊட்டுலதான கை நனைக்க மாட்டேன்னு சொன்ன? ஆறு யாரு ஊடு? கடை யாரு ஊடு?"

நீ திரித்த கயிற்றைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தாய். உன் வாயோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. வக்கீலுக்குப் படிக்க வைத்திருக்கலாம் இவளை என்று அண்ணியிடம் சொன்னாய்.

உன் மாப்பிள்ளையிடம் கெஞ்சவே இல்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே சொன்னேன்.

"ஏனுங்க, உங்க அக்கரைக் கடை மீனுல மண்ணு வாசம் அடிக்குதுன்னு எங்கண்ணன் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதாமா."

"அவனா சொன்னான்?"

"ஆமாங்க."

"வரச்சொல்லு புள்ள. என்ற கண்ணு முன்னால தின்னு பாத்துட்டுச் சொல்லட்டும், அந்த நாக்குச் செத்த பய!"

அண்ணி வரமாட்டேன் என்றுவிட்டாள். பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டு மூன்று பேரும் பஸ் ஏறினோம். நீ முன்வாசல் பக்கம், அவர் கடைசி சீட். இரண்டு கடைக்கும் நான்தான் காசு கொடுப்பது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன், எருமைப்பால் விற்ற காசு. அதில் யாரும் குற்றம் சொல்ல இடமில்லை என்று நினைத்தேன்.

பொன்னாயக்கா கடையில் இரண்டு பேரும் எதிரெதிராக உட்கார்ந்தீர்கள். அவர் ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு, என்னைப் பார்த்து, "புளியங்கொட்டையைக் கரைச்சு ஊத்தியிருக்குது" என்றார். நீயும் என்னைப் பார்த்தே, "அப்பறம் எதுக்கு அம்மிணி ரெண்டாவது வாட்டி ஊத்திக்கறாரு?" என்றாய். அவன் என்று சொல்லவில்லை, அவரு என்று சொன்னாய்.

பரிசலில் சேர்ந்துதான் உட்கார வேண்டியிருந்தது. எடை ஒருபக்கம் சாய்ந்தால் கவிழும் என்று பரிசல்காரர் உங்கள் இரண்டு பேரையும் எதிரெதிரே முட்டி இடிக்க உட்காரவைத்தார். ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு போனது. நடு ஆற்றில் பரிசல் ஒரு சுற்றுச் சுற்றியபோது அவர் பயந்து உன் முழங்காலைப் பிடித்தார். நீ தட்டிவிடவில்லை. "கெணத்துல நீச்சல் தெரியும், ஆத்துல தெரியாதா மாப்ள?" என்று கேட்டாய். இரண்டு வருஷம் கழித்து அவரிடம் நீ நேராகப் பேசிய முதல் பேச்சு. என் மகள் சீருக்கு நீ வந்து நிற்பதை அப்போதே கண்ணால் பார்த்துவிட்டேன்.

அக்கரைக் கடையில் நடந்ததை உன் பக்கத்திலிருந்து நீ எத்தனையோ பேரிடம் சொல்லியிருப்பாய். நான் பார்த்ததைச் சொல்கிறேன். அவர் பழைய வாடிக்கை என்பதால் கடைக்காரர் பெரிய கட்லாத் தலையை அவர் இலையில் வைத்தார். மீன் தலையை மச்சானுக்குக் கொடுப்பது நம் வழக்கம்தானே? நம் அப்பாவும் தன் மச்சானுக்கு அப்படித்தான் வைப்பார். உன் மாப்பிள்ளை கொஞ்சமும் யோசிக்கவில்லை. தலையை இரண்டு கையாலும் அள்ளி உன் இலையில் வைத்தார்.

"இந்தாங்க மச்சான். கண்ணுகிட்டத் தின்னு பாத்துட்டுச் சொல்லுங்க, மண்ணு வாசமான்னு."

மச்சான் என்றார். சொன்னது உன் காதில் விழுந்ததா? உனக்கு அவர் கை மட்டும்தான் தெரிந்தது.

"வேணும்னே வெச்சயாடா?" என்று நீ கேட்டாய்.

"என்னத்த?"

"உன்ற கையால திங்க வெச்சு, நான் எங்கப்பனுக்குப் பொறக்காதவன்னு ஊருக்குள்ள சொல்லோணும். அதுக்குத்தான இந்த ஆத்துக்குக் கூட்டியாந்தீங்க? அண்ணன்காரனை ஏமாத்தறதுக்கு நீயும் உடந்தையா அம்மிணி?"

அவர் மறந்துபோய்விட்டார் அண்ணா. இரண்டு வருஷம் உன் சத்தியத்தை நெஞ்சில் வைத்துப் பொருமிக்கொண்டிருந்த மனுஷன் அந்த ஒரு நிமிஷம் மறந்துபோனார். அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். அதை நான் சொல்வதற்குள் நீ இலையை அவர் மூஞ்சியில் அடித்தாய். பிறகு அடுப்பிலிருந்த குழம்புச் சட்டியைத் தூக்கினாய். கொதிக்கிற குழம்பு அவர் கழுத்திலும் தோளிலும் கொட்டியது. அந்த அலறலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. அவர் அடுப்பிலிருந்து எரிகிற விறகை உருவி உன் முதுகில் வைத்து இழுத்தார். தசை பொசுங்குகிற நாற்றமும் மீன் நாற்றமும் ஒன்றாக அடித்தது. நீ பெஞ்சைத் தூக்கி அடித்தாய். நான் நடுவில் விழுந்தேன். யார் முழங்கை என்று தெரியவில்லை, என் கடைவாய்ப் பல் ஒன்று வேரோடு வந்துவிட்டது. இரத்தத்தோடு அதைத் துப்பிவிட்டு, கடையிலிருந்த அரிவாள்மணையை எடுத்து இரண்டு பேருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு நின்றேன். யார் கிட்டே வந்தாலும் வெட்டியிருப்பேன். அது உங்களுக்குத் தெரிந்ததால்தான் நின்றீர்கள்.

திரும்பி வர அதே பரிசல்தான். அவர் துண்டை ஆற்றில் நனைத்து நனைத்துக் கழுத்தில் வைத்துக்கொண்டு முனகினார். நீ குப்புறப் படுத்துக்கொண்டு வந்தாய். இக்கரை வந்ததும் ஒன்று சொன்னாய்.

"சீரு வரும் அம்மிணி. நான் கை நனைக்க மாட்டேன்."

ஆவணியில் சீர் வந்தது. வண்டி நிறையத் தட்டு, பட்டுப்பாவாடை, மாலை. ஆனால் நீ வாசலுக்கு வெளியே, தெருவில், மொட்டை வெயிலில் நின்றுகொண்டாய். அவர் கழுத்துத் தழும்போடு வாசலுக்கு உள்ளே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மல்லிகா தெருவுக்கு வந்து உன்னிடம் மாலை வாங்கினாள். சொந்தம் முழுக்கப் பந்தலில் உட்கார்ந்து சாப்பிட, சீர் கொண்டுவந்த தாய்மாமன் தெருவில் நிற்கிறான். எனக்கு அப்போது உயிர் போயிருந்தால் நன்றாயிருந்திருக்கும். பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன்.

"குடி அண்ணா. உதடு காஞ்சு கெடக்குது."

"வேண்டாம் அம்மிணி."

"நான் மொண்ட தண்ணி. என்ற கையி. அவரு கையி இல்ல."

"அது அவன் போர்த் தண்ணி. அதுக்கு முன்னால அது என்ற கெணத்துத் தண்ணி. அதைக் குடிச்சா என்ற வயித்துல நிக்காது."

சொம்பை அப்படியே உன்மேல் எறிந்தேன். நெற்றி பிளந்து இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. பந்தலே எழுந்து நின்றது. நீ துண்டால் நெற்றியை அழுத்திக்கொண்டு, "குறி தப்பலையே" என்று சிரித்தாய். அப்படியே வண்டி ஏறினாய். நான் உன்னை உயிரோடு கடைசியாகப் பார்த்தது அதுதான். வரப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற அண்ணனை எட்டு மாதம் பார்க்காமல் இருந்தேன் என்றால் யார் நம்புவார்கள்? வேண்டுமென்றே முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தேன். உனக்கு அந்த முதுகு தெரிந்ததா?

கிணற்றை ஆழப்படுத்துகிறேன் என்று பாறைக்கு வேட்டு வைக்க ஆரம்பித்தாய். ஒவ்வொரு வேட்டுக்கும் எங்கள் அடுப்படியில் பாத்திரம் ஆடும். அன்றைக்கு நாலு வேட்டு என்று ஆள்காரன் கத்திச் சொன்னது என் காதில் விழுந்தது. மூன்று கேட்டது. நாலாவது கேட்கவில்லை. வெடிக்காத வேட்டைப் பார்க்க உடனே இறங்கக் கூடாது என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். நீ பொறுக்கிறவனா? கொஞ்ச நேரம் கழித்து அந்த நாலாவது வேட்டும் கேட்டது. நான் கையில் இருந்த சோற்றுப் பானையைக் கீழே போட்டேன்.

எனக்கு முன்னால் வரப்பைத் தாண்டினவர் உன் மாப்பிள்ளை. புகை அடங்கும்முன் கயிற்றைப் பிடித்துக் கிணற்றில் இறங்கினார். யாரும் இறங்கவேண்டாம் என்று கத்தினார்கள். உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி வந்தார், நீ கொதிக்கிற குழம்பை ஊற்றினாயே, அந்தத் தோளில். நெஞ்சும் பின்தலையும் நசுங்கியிருந்தது. முகத்தில் மட்டும் ஒரு கீறல் இல்லை, நான் சொம்பால் போட்ட தழும்பைத் தவிர.

இனிமேல்தான் நான் செய்த காரியம் வருகிறது.

வாய்க்கரிசி போட வரிசையாக வந்தார்கள். அவர் முறை வந்தது. கை நிறைய அரிசியை எடுத்துக்கொண்டு உன் தலைமாட்டில் நின்றார். நின்றார், நின்றார், கை இறங்கவில்லை. "போடு மாப்ள, பொளுதாச்சு" என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"என்ற கையால ஒரு பருக்கை வேண்டாமின்னு சொன்னவன் புள்ள. செத்ததுக்கப்பறம் நான் ஊட்டுனா நாயம் இல்ல. நீ போடு."

அந்த அரிசியை என் கையில் கொட்டினார்.

நான் அதைக் கீழே போட்டுவிட்டு வேறு அரிசி எடுத்திருக்கலாம். அவர் அதைத்தான் நினைத்தார். எல்லோரும் அதைத்தான் நினைத்தார்கள். நான் கீழே போடவில்லை அண்ணா. அவர் கைச்சூடு ஆறாத அந்த அரிசியையே உன் வாயில் போட்டேன். ஒரு பருக்கை சிந்தாமல், விரலால் உள்ளே தள்ளிப் போட்டேன். தெரிந்துதான் செய்தேன். உன் சத்தியத்தை உடைத்து அனுப்பினேன். உன்மேல் இருந்த பாசத்திலா, ஆத்திரத்திலா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை. உனக்குக் கோபமா? இல்லை, நானாவது செய்தேனே என்று உள்ளுக்குள் நிம்மதியா?

உன் மகன் மாணிக்கம் அதைப் பார்த்துவிட்டான். பதினெட்டு வயது, அப்படியே உன் கண். கருமாதி அன்று, எல்லோரும் கூடியிருக்கும்போது, கிணற்று மேட்டில் கற்பூரத்தை ஏற்றினான்.

"எங்கப்பன் வாயில அந்த ஆளு அரிசியப் போட்டுட்டீங்க அத்தை. நான் சொல்றேன், அந்த ஊட்டுல நானும் என்ற வம்சமும்..."

அவன் கை இறங்குவதற்குள் நான் குறுக்கே விழுந்து, எரிகிற கற்பூரத்தை என் இடது உள்ளங்கையில் அள்ளி மூடிக்கொண்டேன். தோல் பொரிகிற சத்தம் கேட்டது. வலது கையால் அவன் கன்னத்தில் விட்டேன் ஒரு அறை, உன் கடனும் சேர்த்து. அவன் திருப்பி அடிப்பான் என்று எல்லோரும் பயந்தார்கள். எனக்கும் பயம்தான். அவன் என் மூடின கையை விரல் விரலாகப் பிரித்தான்.

"என்னுங்கத்தை இப்புடிப் பண்ணிப்போட்டீங்க" என்று ஊதிவிட்டான். அதற்குப் பிறகுதான் அப்பா போனதற்கே அழுதான்.

இப்போதைய சேதி இது. உன் மாப்பிள்ளை எங்கள் போரிலிருந்து வரப்பைத் தாண்டி உன் வயல்வரை குழாய் பதித்துவிட்டார். யாரிடமும் கேட்கவில்லை. வால்வு உன் பக்கம் இருக்கிறது. மாணிக்கம் தினமும் அதன் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுப் போகிறான், இன்னும் திறக்கவில்லை. திற என்று நான் சொல்லவில்லை. அண்ணியும் சொல்லவில்லை. உன் மஞ்சள் பயிர் பாதி வாடிவிட்டது, மீதிப் பாதி தாங்குமா என்று தெரியவில்லை. என் கை கொப்புளம் உடைந்து ஆறிக்கொண்டிருக்கிறது.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். என் கை இரண்டும் இருக்கிறவரைக்கும் நம் இரண்டு வீட்டில் இனி ஒருத்தனையும் கற்பூரம் அணைக்க விடமாட்டேன். ஏற்றினால் ஏற்றட்டும், எத்தனை முறை ஏற்றினாலும் நடுவில் என் கை இருக்கும். இதைச் சத்தியம் பண்ணிச் சொல்லவில்லை அண்ணா. சத்தியம் பண்ணுகிற வேலையை உன்னோடு விட்டாயிற்று. சும்மா சொல்கிறேன், செய்வேன்.

உன் நெற்றியைப் பிளந்தவள்,
உன் வாயில் கடைசி அரிசி போட்டவள்,
உன் கூடப்பிறந்த தங்கச்சி
பாப்பாத்தி